துரையிடம் கேட்கப் படித்தது

1954 ஜூன் 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. விறகு ஈரம். அடுப்பை ஊதி ஊதிக் கண் இரண்டும் சிவப்பு.

மத்தியானம் தவமணி டீச்சர் குவாட்டர்ஸுக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். என் வயசுதான் இருக்கும். அவருக்கு இரண்டு ரவிக்கை நான் தைத்துக் கொடுப்பது, துரையிடம் இங்கிலீஷில் ஒரு காரியம் கேட்க அவர் எனக்குச் சொல்லிக் கொடுப்பது என்று பேச்சு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அப்பா பங்களாவில் சமையல்காரராக இருந்தபோது அட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார். அவர் போனதோடு படிப்பும் போச்சு.

என்ன காரியம் என்று கேட்டார். சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், மனசு கொஞ்சம் ஆறும்.

தங்கச்சி பாக்கியத்தின் பிள்ளை செல்விக்கு மூன்று மாதம். நான் பிள்ளைக்காம்பிராவில் ஆயா, ஆகையால் பகல் முழுக்க என் கையில்தான். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் கீழே இறங்கலாம். இப்போது கொழுந்து மேமலையில், ஏறி இறங்கவே பாதி உயிர் போகும். பாக்கியம் வருவதற்குள் செல்வி அழுது ஓய்ந்து கிடக்கிறாள். மாரில் வைத்தால் வாய் திறப்பதில்லை. டின் பால் தங்கவில்லை, கஞ்சித் தண்ணியும் தங்கவில்லை. டிஸ்பென்சர் ஐயா நேற்றுப் பார்த்தார். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒரு தரமாவது தாய்ப்பால் போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த மழைக்காலம் தாண்டாது என்றார். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

கைப்பிள்ளை வைத்திருப்பவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் காம்பிராவை ஒட்டின கீழ்மலையில் பறிக்க நிரை கொடுத்தால் இடையில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அவ்வளவுதான் கேட்க வேண்டியது.

பெரிய கிளாக்கர் மூலம் கேட்கலாமே என்றார் டீச்சர். அவருக்குத் தெரியாது. போன மாதம் கூரை ஒழுகுது என்று கடைசி லயத்து வீட்டுக்காரர் அரை மணி நேரம் சொன்னார். கிளாக்கர் அதை இங்கிலீஷில் நாலு சொல்லாக்கினார். துரை "பாக்கலாம், போ" என்றார். கூரை இன்னும் ஒழுகுது.

இன்றைய பாடம்:

ஓப்பன் த டோர். கதவைத் திற.
ப்ளீஸ் ஓப்பன் த டோர். தயவுசெய்து திற. இதுவும் ஏவல்தானாம், கொஞ்சம் சீனி தூவினது.
குட் யூ ஓப்பன் த டோர், ப்ளீஸ். உங்களால் திறக்க முடியுமா.
வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர். திறப்பதில் உங்களுக்கு ஒன்றும் சங்கடம் இல்லையே.

ஒரு கதவுக்கு இத்தனை வழி. நம்ம துரைக்குத் தெரிந்த தமிழில் ஒரே வழி. வா, போ, நில்லு, எடு. பாட்டன் வயசுக்காரரையும் "நீ".

ஜூன் 8, செவ்வாய்

மழை. காம்பிராவில் மூன்று பிள்ளைகளுக்குச் சளி. தொட்டில் கயிறு ஒன்று அறுந்தது, பிள்ளை பிழைத்தது. துணி துவைக்கச் சவர்க்காரம் தீர்ந்தது, கேட்டு வாங்கணும்.

'கேட்டு' என்று எழுதிவிட்டு யோசித்தேன். நம்மாட்கள் துரையிடம் கேட்டு நான் கண்டதில்லை. ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே போய்க் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்து, கஷ்டத்தைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார்கள். "தொர பாத்து செய்யணும்" என்பதோடு சரி. என்ன வேண்டும் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. வந்தால் அது திமிர். எனக்கு இது ரொம்ப நாளாகவே எரிச்சல்.

சங்கத் தலைவரிடம் அவர் ஒரு தரம் போய்ச் சொல்லிப் பார்த்தார் (அவர் என்றால் என் வீட்டுக்காரர், தேயிலை ஸ்டோரில் வேலை). அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றாராம். செல்வி கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இன்று செல்வி மத்தியானம் கொஞ்சம் குடித்தாள். பிறகு கக்கிவிட்டாள்.

ஜூன் 13, ஞாயிறு

ஒரு ரவிக்கை முடிந்தது. கை கொஞ்சம் பிடிப்பு என்றார் டீச்சர். தளர்த்திக் கொடுத்தேன்.

இரண்டாம் பாடம். ஒருத்தரை ஒன்று செய்ய வைப்பதற்கு இங்கிலீஷில் நாலு சொல். டீச்சர் சொன்னபடி:

மேக். மாட்டேன் என்றாலும் செய்ய வைப்பது.
ஹேவ். சொல்லிச் செய்விப்பது. சொல்ல அவருக்கு உரிமை உண்டு, ஆகையால் குரல் எடுக்க வேண்டியதில்லை.
கெட். பேசி, நயந்து, கெஞ்சி இணங்க வைப்பது.
லெட். விடுவது. தடுக்காமல் இருப்பது.

திரும்பி வரும்போது வழியெல்லாம் தோட்டத்து ஆட்களை இந்த நாலுக்குள் போட்டுப் பார்த்தேன். துரை ஹேவ். மலையில் வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளை மேக் (இனி க.பி. என்றுதான் எழுதுவது, முழுசாக எழுத மை வீண்). தலைவர் கெட், அதுவும் நல்ல நாளில். நமக்கு லெட் ஒன்றுதான். அதையும் மற்றவர் வாயால் கேட்கணும்.

நான் எதில்? அழுகிற பிள்ளையைப் பிடித்துப் போட்டுத் தட்டித் தூங்க வைக்கிறேனே. மேக் தான்.

டீச்சர் எழுதித் தந்த வாக்கியம்: சார், வுட் யூ ப்ளீஸ் லெட் த நர்சிங் மதர்ஸ் வொர்க் இன் த லோவர் ஃபீல்ட், நியர் த க்ரெஷ். பால் கொடுக்கும் தாய்மாரைக் கீழ்மலையில், காம்பிராவுக்குப் பக்கத்தில் வேலை செய்ய விடுவீர்களா.

அவர் இன்னொன்றும் சொன்னார். "கேட்டுப்போட்டு உடன வாயை மூடிப்போடுங்கோ. காரணம் கேட்டால் மட்டும் காரணம் சொல்லுங்கோ. அழக்கூடாது." கடைசிச் சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

ஜூன் 17, வியாழன்

பனி இறங்கி எதிர் லயம் தெரியவில்லை. அட்டை ஒன்று காலில் ஏறி, இரத்தம் நிற்க நேரமாச்சு.

வாக்கியத்தை மாவு சலிக்கும்போது சொல்கிறேன், தொட்டில் ஆட்டும்போது சொல்கிறேன். வுட், லெட், லோவர். 'ஃபீல்ட்' தான் வாயில் வழுக்குகிறது. பாக்கியம் சாயங்காலம் பிள்ளையை வாங்க வந்தவள், என்ன முணுமுணுப்பு என்று கேட்டாள். வேண்டுதல் என்றேன். நடக்கட்டும், அப்புறம் சொல்லலாம். முதலிலேயே சொல்லி நடக்காமல் போனால் அவள் தாங்கமாட்டாள்.

அவருக்கு இதில் இஷ்டமில்லை. கங்காணி இருக்க, க.பி. இருக்க, கிளாக்கர் இருக்க, எல்லாத் தலையையும் தாண்டி நேரே வாய் திறந்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா என்றார். இருக்கமாட்டார்கள்தான். செல்வியின் கை என் விரல் கனம் கூட இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு யார் தலையும் பெரிசாகத் தெரியவில்லை.

ஜூன் 19, சனி

கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆபீஸ். மழை விட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே எனக்கு முன்னால் ஆறேழு பேர். என் முறை வந்ததும் கிளாக்கர், என்ன, சவர்க்காரமா என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்துச் சொன்னேன். முழு வாக்கியமும், ஒரு சொல் விடாமல்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். எங்கே படித்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார், மிஷன் ஸ்கூல், சார் என்றேன். சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கிளி பேசினால் சிரிக்கிற சிரிப்பு. ஏன் என்று கேட்டார். பேபீஸ் ஆர் வெரி வீக், சார் என்றேன். அது டீச்சர் சொல்லிக் கொடுக்காதது, தானாக வந்தது. அழவில்லை.

துரை க.பி.யைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "ஐ வில் ஹேவ் இட் டன்" என்றார். செய்விக்கிறேன் என்று அர்த்தம். ஹேவ்! நமக்காக ஒரு தரம் அந்தச் சொல்.

க.பி. தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

வழியில் எனக்கு ஓட வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை, சறுக்கும்.

ஜூன் 21, திங்கள்

காலை எழுதியது: பெரட்டில் நாலு பேர் பேரையும் தனியாகக் கூப்பிட்டுக் கீழ்மலை என்றார்களாம். பத்து மணிக்குப் பாக்கியம் ஓடி வந்தாள். செல்வி குடித்தாள். நன்றாகக் குடித்தாள். தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாக்கியம் கேட்டாள், "நீயாக்கா கேட்ட? தொரகிட்டயா?" ஆமாம் என்றேன். எனக்குப் பெருமை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமை.

சாயங்காலம்: நாலு பேருக்கும் அரைப் பேர், பாதிக் கூலிதான்.

கீழ்மலை என்றால் ஏழாம் நம்பர் மலை. போன வருஷக் கடைசியில் கவ்வாத்து வெட்டினது, இப்போதுதான் துளிர் கட்டுகிறது. நாள் முழுக்கப் பறித்தாலும் கூடையின் அடி மறையாது. சொன்ன இறாத்தல் வராவிட்டால் அரைப் பேர்தான், அது எல்லாருக்கும் உள்ள சட்டம். க.பி. ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லையாம். கீழ்மலை கேட்டாங்க, கீழ்மலை குடுத்திருக்கு என்றாராம்.

காம்பிரா வாசலில் நின்றால் அந்த மலைதான் எதிரே. தினமும் பார்க்கிறேன். மொட்டைச் செடிகளாகத்தான் இருக்கிறது. கண் பார்த்தது, மனசில் ஏறவில்லை. பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் ஏறியது.

ஜூன் 24, வியாழன்

செல்வி தேறுகிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை. இன்று சிரித்தாள்.

நாலு நாளும் அரைப் பேர். சாயங்காலம் நாலு பேரும் காம்பிராவுக்கு வந்தார்கள். சண்டை போட வந்தார்கள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூத்தவள் ராமாயி, மூன்று பிள்ளைக்காரி. நாளைக்கு மேமலைக்கே போகிறோம் என்று கங்காணியிடம் சொல்லியாச்சு என்றாள். அரைப் பேர் விழுந்தால் அரிசியும் பாதி. வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? தாய் பட்டினி கிடந்தால் பால் எங்கிருந்து வரும்?

பாக்கியம் கடைசியாகப் போனாள். வாசலில் நின்று, "எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

வுட் யூ, குட் யூ, வுட் யூ மைண்ட். அத்தனையும் படித்து ஒரு வெள்ளைக்காரனுக்கு வைத்தேன். கூடப் பிறந்தவளை ஒன்றும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அவளையும் தொட்டில் பிள்ளை மாதிரிப் பிடித்துப் போட்டுத் தட்டியிருக்கிறேன்.

இன்னொரு தரம் ஆபீஸுக்குப் போய், கீழ்மலை வேண்டாம் சார், மேமலையிலிருந்து இறங்கி வர நேரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று பாக்கியத்திடம் கேட்டேன். கேட்டேன், இந்தத் தரம். வேண்டாம் என்றாள். க.பி. கையில் அது வேறு மாதிரி ஆகி வரும் என்றாள். சரிதான்.

ஜூன் 27, ஞாயிறு

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாவது ரவிக்கையை ஆள் மூலம் அனுப்பினேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பழைய கதை. செல்வி மத்தியானம் வாய் திறக்கவில்லை. நேற்றிலிருந்து இருமல். டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்து என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இன்று லீவு, தாய் பக்கத்தில், கொஞ்சம் குடிக்கிறாள். நாளை திங்கள்.

பயமாக இருக்கிறது.

ஜூன் 28, திங்கள்

அவள் இறங்க முடியாவிட்டால் பிள்ளை ஏறட்டும்.

காம்பிராவில் என்னோடு இருக்கிற முத்தம்மாவிடம் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லவில்லை, கேட்டேன். போயிட்டு வா என்றாள். செல்வியை மாரோடு கட்டி, மேலே கம்பளி போட்டு, மேமலைக்கு. மழை. பாதி வழியில் மூச்சு வாங்கியது. பாக்கியம் நிரையை விட்டு நகராமல் கூடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, செடி மறைவில் உட்கார்ந்து கொடுத்தாள். நான் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கங்காணி பார்த்தார். பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போனார்.

செல்வி குடித்தாள். திரும்பும் வழியெல்லாம் தூக்கம்.

மற்ற மூன்று பிள்ளைகளும் கீழே அழுதுகொண்டிருந்தன. எனக்கு இருப்பது இரண்டு கை.

ஜூன் 30, புதன்

மூன்றாம் நாள். இறங்கி வரும்போது ரோட்டு வளைவில் துரை, கையில் தடி, கூட நாய். ஒதுங்க இடமில்லை. கம்பளியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தார்.

"ஹூ டோல்ட் யூ டு டூ திஸ்?" யார் சொல்லிச் செய்கிறாய் என்றார்.

படித்ததெல்லாம் மறந்து போச்சு. நோபடி, சார் என்றேன். யாரும் இல்லை. அதுதான் உண்மையும்.

அவர் கோபப்படவில்லை. காம்பிராவை விட்டு வந்தது பிழை, மற்றப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். அவர் செய்வித்தது என்ன ஆனது என்று சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்கு எந்த வாக்கியமும் என்னிடம் இல்லை.

சாயங்காலம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நாளையிலிருந்து காம்பிரா வேலை இல்லை, மலைக்குப் போகணும், கூடை ஸ்டோரில் வாங்கிக்கொள். கிளாக்கர்தான் சொன்னார். நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து மெதுவாக, "நீ கேட்டதுல தப்பில்லம்மா. நீயா கேட்டதுதான் தப்பா போச்சு" என்றார். அவருக்கும் வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது.

வீட்டுக்காரர் இதைக் கேட்டார். அடுப்பில் தண்ணி வைத்து எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 1, வியாழன்

மேமலை. விரலெல்லாம் வெட்டு. இரண்டு இலை ஒரு மொட்டு என்று ஊரே சொல்கிறது, என் விரல் கேட்கமாட்டேன் என்கிறது. இடுப்பில் கட்டின படங்குச் சாக்கு நனைந்து கல் மாதிரி.

அரைப் பேர் கூட வரவில்லை, தயவில் போட்டார்கள்.

காம்பிராவில் முத்தம்மா மட்டும். அவளால் மலை ஏற முடியாது. செல்வி இன்று ஒன்றும் குடிக்கவில்லை. சாயங்காலம் கூட இல்லை. பாக்கியம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. கூரையில் மழை. நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு எழுந்து வந்தேன். அழுதேன். டீச்சர் இங்கே இல்லை.

ஜூலை 2, வெள்ளி

மழை இல்லை, பனி மட்டும். எனக்கு நிரை பாக்கியத்துக்கு அடுத்தது.

பத்து மணி இருக்கும். பாக்கியம் கூடையைக் கழற்றி நிரைத் தலைப்பில் வைத்தாள். படங்கை அவிழ்த்து அதன் மேல் மடித்துப் போட்டாள். கீழே நடந்தாள். எங்கே என்று கங்காணி கேட்டார்.

"பாலு குடுத்துட்டு வாறேன், கங்காணி."

நடந்துகொண்டேதான் சொன்னாள். அரைப் பேர் விழும் என்று அவர் சத்தம் போட்டார். ராமாயி கூடையை வைத்தாள். பிறகு மற்ற இரண்டு பேரும். நாலு பேரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் பனிக்குள் போனார்கள். கங்காணி தடியைத் தரையில் தட்டினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தராசில் நாலு பேரும் குறைவார்கள், மறுபடியும் அரைப் பேர், மறுபடியும் அதே கதை என்று நினைத்தேன்.

மேல் நிரை லெட்சுமி தன் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்து, பாக்கியத்தின் கூடையில் இரண்டு கை கொழுந்து போட்டாள். போட்டுவிட்டுப் பறிக்கப் போய்விட்டாள். அடுத்தவள் ராமாயி கூடையில். அதற்கடுத்தவள். யாரும் யாரிடமும் பேசவில்லை. இறங்கிப் போன நாலு பேர் நிரையிலும் ஆளுக்குக் கொஞ்சம் எட்டிப் பறித்து, விட்ட இடம் தெரியாமல் செய்தார்கள். நானும் போட்டேன், என் விரலுக்கு முடிந்த மட்டும். கங்காணி சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு பனியைப் பார்த்து நின்றார்.

அவர்கள் திரும்பி வந்தபோது கூடைகள் கனத்திருந்தன. பாக்கியம் கூடைக்குள் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். படங்கைக் கட்டினாள்.

சாயங்காலத் தராசு. நாலு பேருக்கும் முழுப் பேர். க.பி. முள்ளை இரண்டு தரம் பார்த்தார்.

செல்வி காலையில் குடித்திருக்கிறாள், மத்தியானமும் குடித்திருக்கிறாள்.

எனக்கு அரைப் பேர்.